இருநூறு மீட்டர் தூரத்தில் நியாஸ்

அத்தியாயம் 17

நாலு மாதமாக ஹஸ்னா தன் புருஷனை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைக்கு நடுவே ஒரு சின்னக் கம்பெனி. மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் தரம் பார்ப்பவன் நியாஸ். எழுத்து மேசையில் ஹஸ்னா. ஒரே கூரை, ஒரே டீ பிளாஸ்க். "சார், இதுல கையெழுத்து." "சார், தாள் தீர்ந்துபோச்சு." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. சாயங்காலமானால் அவன் ரெட்டம்பேடு ரோட்டில் இருக்கும் வாடகை வீட்டுக்குப் போவான். அவள் இரண்டு பஸ் மாறி, பழவேற்காட்டில் வாப்பா வீட்டுக்குப் போவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மருதாணிக் கை.

பிப்ரவரியில் நியாஸின் தங்கை ரமீஸாவுக்குக் கல்யாணம். "நாத்தனாரு நிக்காஹ்ல அண்ணி வெறுங்கையோட நின்னா ஊரு இன்னா பேசும்?" என்று மாமியார் சைதா பிடிவாதம் பிடிக்க, ஹஸ்னா இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டாள். நன்றாகச் சிவக்கட்டும் என்று மேலே நீலகிரித் தைலமும் தடவிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது அச்சு வேலை. ஆபீஸ் பிரிண்டர் காகிதத்தில் எழுத்து அடிக்கிற மாதிரி, அந்த இயந்திரம் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையைச் சொட்டுச் சொட்டாக அடிக்கும். காய்ந்தால் அதுதான் ஆன்டெனா. துணி மாதிரி வளைக்கலாம், சட்டையில் வைத்துத் தைக்கலாம். எண்ணெய் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. கல்யாணத்துக்கு மறுநாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தாள் கட்டைப் பிரிக்க முடியாமல், ஒரே ஒரு நிமிடம் கையுறையைக் கழற்றிவிட்டு ஹஸ்னா விரலால் விசிறிப் பிரித்தாள்.

முந்நூற்று நாற்பது ஆன்டெனா பாழ். விரல் பட்ட இடத்திலெல்லாம் மை ஒட்டாமல் சுருண்டுபோயிருந்தது.

காரணம் கண்டுபிடித்தவன் நியாஸ். அறிக்கை எழுதியவனும் அவனே. 'அச்சிட்டவரின் கையிலிருந்த எண்ணெய். பெயர்: ஹஸ்னா.' நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்ததை எல்லோரோடும் சேர்ந்துதான் அவளும் படித்தாள். அச்சு வேலை போய், எழுத்து மேசை வந்தது. அன்று சாயங்காலமே பழவேற்காடு பஸ் ஏறியவள்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அவள் புறப்படும்போது வாப்பா அப்துல் ரவூப் வாசலில் நண்டுக் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டு நண்டு அவர் கை பட்டுத்தான் சென்னைக்கு லாரி ஏறும்.

"மவளே, சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. உங்க மாமி வர்றா."

"மாமியா? எதுக்கு?"

"உன் பொட்டி, கட்டிலு, பாத்திரம் எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கினு வர்றாளாம். அவந்தான் ஊட்டைக் காலி பண்ணப் போறானாமே. பெங்களூர் போறவனுக்கு உன் சாமான் எதுக்கு?"

சைதா மாமி வாப்பாவின் கூடப்பிறந்த அக்கா. நியாஸ் சொந்த மாமி மகன்தான். அந்த உறவில் கொடுத்தது, அதே உறவில் திரும்பி வருகிறது.

"நாம கேட்டமா வாப்பா?"

"சேச்சே. அவங்களாத்தான் சொல்லி அனுப்பினாங்க."

வாப்பா கூடையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஹஸ்னா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

*

சோதனை கம்பெனியில் நடக்கவில்லை. அங்கே சுற்றிலும் இரும்புக் கொட்டகைகள். அலை பாய்ந்து பாய்ந்து திரும்பிவரும், கணக்குத் தப்பிப்போகும். அதனால் சுண்ணாம்புக்குளம் தாண்டி, ஏரி பின்வாங்கிக் காய்ந்து கிடந்த திடலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை.

ஒரு மேசை, ஒரு குடை, ஒரு லேப்டாப். குடைக்குக் கீழே பெங்களூர்க் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள், கறுப்புக் கண்ணாடியும் மடியில் கோப்புமாக. பக்கத்தில் மேனேஜர் சுப்பிரமணி, வேர்வையைத் துடைத்துத் துடைத்தே கைக்குட்டையைப் பிழிகிற பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார். எல்லோருடைய செல்போனையும் அணைத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டாயிற்று. போன் அலை குறுக்கே வந்தால் சோதனை கெட்டுவிடும்.

கையில் பச்சைத் துணியும் சிவப்புத் துணியுமாக ரோசம்மாள். ஹஸ்னா விட்டுப்போன அச்சு இயந்திரத்தில் இப்போது உட்காருகிறவள்.

"இன்னா ஹஸ்னா, மொகம் தொங்கிக்கினு இருக்குது? உன் ஊட்டுக்காரருக்குத்தான் இன்னிக்கு பரீட்சை, உனக்கில்ல."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருப்பேன். இந்த ஆர்டர் வரலைன்னா மாசக் கடைசியில கம்பெனியும் சும்மாதான் இருக்கும். அப்புறம் நான் மறுபடி இரும்புக் கம்பெனியில தூசி பெருக்கணும். வேணாம்டாம்மா, ஏசுவே."

விஷயம் அவ்வளவுதான். துறைமுகத் தொழிலாளிகள் மாட்டும் சட்டையில் இந்த ஆன்டெனாவைத் தைத்துவிட்டால், யார் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். பெங்களூர்க்காரர்கள் ஐம்பதாயிரம் ஆன்டெனா கேட்கிறார்கள். இன்று தேறினால் ஆர்டர். ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: தரம் பார்க்கிற நியாஸை இரண்டு வருடத்துக்குத் தங்களுக்கு அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் அவன் எங்கும் போக மாட்டான். கம்பெனிதான் போய்விடும்.

நியாஸ் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். இடது மார்பில், உடம்போடு வளைந்து வெள்ளிக் கோடுகள். அவளைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றான்.

"ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம் சார்."

அவன் நடந்தான்.

ஹஸ்னா திரையைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் இருந்தபோது அலையின் பலம் நூறு. முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க நடக்க எண் சரிந்துகொண்டே வந்தது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த அலைக்குத் தண்ணீரைத் துளைத்துப் போகத் தெரியாது. முதுகு காட்டினால் ஆள் இல்லாத மாதிரி. ஐம்பது மீட்டர் மூங்கில் குச்சி வந்ததும் அவன் திரும்பி மேசையைப் பார்த்து நின்றான். எண் துள்ளி ஏறியது. எண்பத்தெட்டு.

எழுதினாள்.

மறுபடி முதுகு. மறுபடி சரிவு. நூறு மீட்டரில் திரும்பினான். எழுபத்திரண்டு. நூற்றைம்பதில் ஐம்பத்தைந்து. வெயிலில் திடல் நெளிந்தது. அவன் முகம் அழிந்து, பிறகு கைகால் அழிந்து, கடைசியில் கானலில் ஆடும் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சியது. நாலு மாதமாக அவன் முகத்தை நேராகப் பார்க்காதவள், இப்போது பார்க்க முடியவில்லையே என்று கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

இருநூறு மீட்டர். கோடு நின்றது. முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் தேறியது.

இருபத்துநாலு.

"இன்னாம்மா இது?" என்றார் சுப்பிரமணி. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

இருபத்துமூன்று. இருபத்துநாலு.

ஹஸ்னாவின் பேனா தாளில் '2' போட்டு நின்றது.

நேற்று இதே சட்டையை, ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய குழாயில் சுற்றி அவள்தான் சோதித்தாள். நாற்பதுக்குக் குறைய நியாயமே இல்லை. நூற்றைம்பதில் ஐம்பத்தைந்து காட்டியது இருநூறில் இப்படி விழாது. விழ ஒரே ஒரு வழிதான் உண்டு. அவன் நேராக நிற்கவில்லை. இடது தோளைப் பின்னால் வாங்கிக்கொண்டு, மார்பைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான்.

நியாஸா? பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் தேடிப்போய் வாங்குகிறவன். சொந்தப் பெண்டாட்டி பெயரை அறிக்கையில் எழுதியவன். அவன் வேண்டுமென்றே கோணி நிற்கிறானா?

அப்படியானால் அவனுக்குப் போக விருப்பமில்லை.

'2'க்குப் பக்கத்தில் ஒரு '4' போட்டால் போதும். இருபத்துநாலு. பொய்கூட இல்லை. திரையில் இருப்பதை எழுதினாள், அவ்வளவுதான். அவன் ரெட்டம்பேடு ரோட்டிலேயே இருப்பான். என்றைக்காவது ஒரு நாள், அவனோ அவளோ...

"ஏசுவே, ஏசுவே" என்று பக்கத்தில் ரோசம்மாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஹஸ்னா பேனாவை மூடினாள்.

"மேடம், அவரு சரியா நிக்கல. குச்சி நட்ட எடத்துல பள்ளம் போலிருக்கு. நான் போயி நேரா நிக்க வெச்சுட்டு, குறுக்க வராம பின்னாலயே குந்திக்கிறேன். நான் கையைத் தூக்கினதும் பத்து நிமிசம் பாருங்க. நிமிசத்துக்கு ஒண்ணா பத்து எண்ணு எழுதணும்."

பெங்களூர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. நானே எழுதறேன்."

"அக்கா, பத்தும் முடிஞ்சா துணியைத் தூக்கிக் காட்டு."

"எந்தத் துணி?"

"எது வருதோ அது."

*

இருநூறு மீட்டர் என்பது சைக்கிளில் போனால் ஒரு மூச்சு. அன்று ஹஸ்னாவுக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. வெடித்த சேறு செருப்புக்கடியில் நொறுங்கியது. எதிரே கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஆளாக மாறியது. முதலில் கை. பிறகு தாடி. இளைத்திருந்தான். கம்பெனியில் தினம் பார்த்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

"ஏன் வந்த?" என்றான்.

"நீங்க ஏன் கோணிக்கினு நிக்கறீங்க?"

"வெயிலு கண்ணுல அடிக்குது."

"வெயிலு நடு உச்சியில நிக்குது. பொய்யி சொல்லத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஹஸ்னா அவனுக்குப் பின்னால் போய், இரண்டு உள்ளங்கையையும் அவன் முதுகில் வைத்து, மேசைக்கு நேராகத் திருப்பினாள். சட்டை முழுக்க வேர்வை. கையை எடுக்க ஒரு நொடி கூடுதலாக ஆயிற்று.

பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"திரும்பாதீங்க. கையை ஆட்டாதீங்க. மூச்சு விட்டுக்கலாம்."

"ரொம்பப் பெரிய மனசு உனக்கு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏரியிலிருந்து உப்புக் காற்று வந்தது.

"பதினெட்டுக் குடும்பம் மச்சான்" என்றாள். அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் முதுகு ஒருமுறை அசைந்தது. "ஆடாதீங்கன்னேன்ல!"

"தெரியும் ஹஸ்னா. அம்பதுல நேராத்தான் நின்னேன். நூறுல நின்னேன். நூத்தம்பதுலயும் நின்னேன். இங்க வந்து திரும்பினா, நீ அங்க மேசையில இத்துனூண்டா தெரிஞ்ச. இதுவே இவ்ளோ தூரமா இருக்குதே, பெங்களூர் எவ்ளோ தூரம் இருக்கும்னு நெனச்சேன். தோளு தானாத் திரும்பிடுச்சு."

அவள் ஒரு சேற்றுக் கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினாள்.

"இப்பத் திரும்பின தோளு அன்னிக்குத் திரும்பலையே" என்றாள். "எம் பேரை எழுதினதுக்கு நான் கோவிச்சுக்கல. தப்புப் பண்ணது நாந்தான். எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ராத்திரி பக்கத்துலதான படுத்திருந்தேன்? காலைல நோட்டீஸ் போர்டுல பாத்துத் தெரிஞ்சுக்கினேன். பின்னால நின்னு நாலு பேரு உச்சுக் கொட்டறாங்க."

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப."

"அழுதா?"

"நீ அழுதா நான் எழுதியிருக்க மாட்டேன். அதான் சொல்லல."

இத்தனை நாளும் அவள் மனதுக்குள் எத்தனையோ விதமாக அவனைப் பேச வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வைத்திருந்தாள், சண்டை போட வைத்திருந்தாள். இந்தப் பதில் மட்டும் அவள் கணக்கில் இருந்ததே இல்லை. பிடித்து வைத்துக்கொள்ள அவன் சட்டையின் ஓரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

தூரத்தில் துணி எதுவும் அசையவில்லை. எத்தனை நிமிடம் போயிற்றோ.

"பொட்டியெல்லாம் இன்னிக்கு வந்துடும்" என்றான் நியாஸ். "பச்சைப் பொட்டிக்குள்ள உன் அத்தர் புட்டி இருக்குது. ஒடையாம துணி சுத்தி வெச்சிருக்கேன்."

"அவ்ளோ அவசரமா என் சாமானை வெளியில தள்ளணுமா?"

"நானா? நீங்கதான கேட்டீங்க! மாமா ஆளு விட்டு அனுப்பினாராம். 'எங்க பொண்ணு சாமானைக் குடுத்துடுங்க, இனிமே ஒட்டாது'ன்னு. நேத்து சாயங்காலம் உம்மா வந்து அழுதுக்கினே சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குப் பெங்களூரே வேணாம்னு போச்சு."

ஹஸ்னா நிமிர்ந்தாள். "நாங்க கேக்கல."

"இன்னா?"

"நாங்க கேக்கவே இல்ல. உங்க உம்மாதான் சொல்லி அனுப்பினாங்கன்னு வாப்பா காலைல சொன்னாரு."

அந்தப் பக்கம் சைதா மாமி, இந்தப் பக்கம் வாப்பா. அக்காளும் தம்பியும். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். நண்டுக் கூடைக்குள் குனிந்திருந்த தலை ஹஸ்னாவின் கண்முன் வந்தது. நேற்று அழுத மாமியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. ஏன்? எதற்காக?

"மச்சான், நீங்க..."

"ஹஸ்னா, துணி!"

கானலுக்கு அப்பால் ஏதோ உயர்ந்தது. முதலில் நிறம் தெரியவில்லை. பிறகு காற்று அதை விரித்தது. பச்சை. ரோசம்மாள் அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேனேஜர் என்பதையும் மறந்து, திடலில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

பதினெட்டுக் குடும்பமும் பிழைத்தது. நியாஸ் போகப்போகிறான். ஹஸ்னாவுக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"இப்பத் திரும்பலாம்" என்றாள்.

அவன் திரும்பவில்லை. அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இன்னொண்ணு இருக்குது. அந்தப் பெங்களூர்க் கம்பெனியில குடியிருக்க ஊடு தர்றாங்க. அதுக்குப் போன வாரம் ஒரு ஃபாரம் அனுப்பினாங்க. 'எத்தனை பேர்'னு ஒரு கட்டம். ரெண்டுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சே நான் எழுதின ஒரே பொய்யி அதான். சனிக்கிழமை அவங்க எந்த ஊடுன்னு முடிவு பண்ணி சாவியைத் தர்றாங்க. அதுக்குள்ள அடிச்சு ஒண்ணுன்னு திருத்தணுமா, இல்ல அப்படியே இருக்கலாமா? நீதான் சொல்லணும்."

"பென்சில்லயா எழுதினீங்க?"

"பேனாவுல."

அதற்குள் சுப்பிரமணி வந்து சேர்ந்துவிட்டார். "நாப்பத்திரெண்டு! பத்து தடவையும் நாப்பதுக்குக் கொறையலைய்யா! இன்னாம்மா மந்திரம் போட்ட நீ?" அவர் நியாஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியாமல், தோளில் மாறி மாறித் தட்டினார்.

ஹஸ்னா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேசையை நோக்கி நடந்தாள். சாயங்காலம் வாப்பாவின் முன்னால் போய் நின்று என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனது வார்த்தை தேடிக்கொண்டிருந்தது. கால்கள் அந்தப் பேச்சில் சேரவில்லை. இருபது அடி போன பிறகுதான் கவனித்தாள். பின்னால் வருகிறவன் வந்து சேரட்டும் என்று அவை தாமாகவே மெதுவாகியிருந்தன.